மறுமொழிக்குக் காத்திருத்தல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



"பட்டப்பின் படிப்புக்கான வாய்ப்புகள்" என்ற பொருள்பற்றிப் பேசவேண்டுமென்று சங்கக் காரியதரிசி அவர்கள் என்னைக் கேட்டிருந்தார்கள். எந்த நாட்டில் எந்தப் படிப்பு உண்டு, எவ்வளவு உபகாரச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்ற விபரங்களையெல்லாம் இக்காலத்து வாலிபர்கள் கைக்குள் இருக்கும் தொலைபேசியிலேயே பார்த்துக் கொள்ளுகிறார்கள். அவற்றை ஒப்புவிப்பதற்கு என்னைப்போன்ற ஒருவன் வேண்டியதில்லை. ஆகவே காரியதரிசி அவர்களுடைய மன்னிப்பை வேண்டிக்கொண்டு, அந்தத் தொலைபேசி சொல்லாத ஒன்றைப்பற்றியே பேசலாமென எண்ணுகிறேன். விண்ணப்பத்தை அனுப்பிய நாளுக்கும் மறுமொழி வருகின்ற நாளுக்கும் இடையே உள்ள நான்கைந்து மாதங்களைப்பற்றித்தான் சொல்லுகிறேன். அந்த மாதங்களில் ஒரு பிள்ளையின் மனம் படும் பாட்டை அந்தப் பிள்ளை அறியும். அதே வீட்டில் இருக்கும் தாய் தந்தையர் பெரும்பாலும் அறியார். நானே அப்படிப்பட்ட ஒரு பிள்ளையாக இருந்தவன். அதனால் இதைப் பேசுவதற்கு எனக்கு ஓரளவு உரிமை உண்டென்று கருதுகிறேன்.

இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம் சொல்லவேண்டும். நமது நாட்டில் பல்கலைக்கழகப் பிரவேசம் என்பது கணக்கு. உயர்தரப் பரீட்சை எழுதுகிறோம். 2001 ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி என்ற ஒன்றைக் கணித்துத் தருகிறார்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒவ்வொரு பாடநெறிக்கும் வெட்டுப்புள்ளி வெளியாகிறது. புள்ளி அதற்கு மேலே இருந்தால் உள்ளே, கீழே இருந்தால் வெளியே. அந்த முறை நியாயமா அநியாயமா என்ற வாதத்துக்குள் நான் இப்போது இறங்கவில்லை. ஆனால் அதிலே ஒரு தெளிவு உண்டு. கிடைக்கவில்லையென்றால் ஏன் கிடைக்கவில்லை என்பது தெரியும். இந்த முறையில் வளர்ந்த நாம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்று "வருந்துகிறோம்" என்று எழுதினால், அதையும் ஒரு வெட்டுப்புள்ளியாகவே எண்ணிக்கொள்ளுகிறோம். என் பிள்ளைக்குத் தகுதி போதவில்லை என்று தகப்பன் நினைக்கிறார். நான் தகுதியற்றவன் என்று பிள்ளை நினைக்கிறான். உண்மை அதுவன்று.

அமெரிக்க நாட்டையே எடுத்துக்கொள்ளுவோம்; நான் அறிந்தது அதுதான். அங்கே கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் டிசெம்பர் மாத நடுப்பகுதிக்குள் எல்லாவற்றையும் அனுப்பிவிடவேண்டும். பெறுபேற்றுப் பத்திரம், ஆங்கிலப் பரீட்சைப் புள்ளி, சில இடங்களுக்கு ஜீ.ஆர்.ஈ. என்னும் பொதுப் பரீட்சைப் புள்ளி, நோக்கத்தை விளக்கும் கட்டுரை, ஆசிரியர் மூவருடைய சிபார்சுக் கடிதங்கள் இவ்வளவும் போகவேண்டும். இவற்றைப் படித்துத் தீர்மானிப்பது ஓர் இயந்திரமும் அன்று, அரசாங்கத் திணைக்களமும் அன்று. அந்தத் துறையில் படிப்பிக்கும் ஆசிரியர்கள் நாலைந்து பேர், தங்கள் வகுப்புக்கும் ஆராய்ச்சிக்கும் இடையில் நேரம் கண்டுபிடித்து, ஓர் அறையில் கூடி இருந்து பேசுகிறார்கள். நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வந்திருக்கும். எடுப்பது பத்தோ பதினைந்தோ. அப்படி எடுக்கும் மாணவனுக்குப் பெரும்பாலும் பல ஆண்டுகள் சம்பளம் கொடுக்கவேண்டியும் வரும். ஆகவே அவர்கள் கேட்கும் கேள்வி "இவன் கெட்டிக்காரனா?" என்பது மட்டுமன்று. "இவன் செய்ய விரும்பும் வேலையைச் செய்விக்க இங்கே யார் இருக்கிறார்? அவரிடம் பணம் இருக்கிறதா? அவர் அடுத்த வருடம் விடுமுறையில் போகிறாரா? சென்ற ஆண்டு அளவுக்கு மேல் எடுத்துவிட்டோமா?" என்றெல்லாம் கேட்கிறார்கள். இந்தக் கேள்விகளுள் ஒன்றுக்காவது நெல்லியடியிலோ மட்டக்களப்பிலோ ஹட்டனிலோ இருக்கும் ஒரு பிள்ளை என்ன விடை சொல்லமுடியும்?

ஜூலி பொசெல்ட் என்ற ஆராய்ச்சியாளர் அந்நாட்டின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் பத்துக் கலாநிதிப் பட்டத் துறைகளை எடுத்து, அவற்றின் தெரிவு முறையை நேரில் ஆராய்ந்து 2016 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். முதற் கழிப்பிலே பரீட்சைப் புள்ளியும் படித்த நிலையத்தின் பெயரும் பெருஞ் செல்வாக்குச் செலுத்துகின்றன என்பதையும், எஞ்சியவர்களைப்பற்றிப் பேசும்போது ஒவ்வொரு துறையினரும் தத்தம் சுவைக்கும் பழக்கத்துக்கும் இசைந்தவரையே தகுதியுள்ளவர் என்று காண்கிறார்கள் என்பதையும் அதிலே எடுத்துக் காட்டுகிறார். இதைக் கேட்டு நீங்கள் கோபப்படலாம், நானும் கோபப்பட்டதுண்டு. ஆனால் நம்மை நாமே நொந்துகொள்வதற்கு முன் இதனைத் தெரிந்துகொள்வது நல்லது.

சிபார்சுக் கடிதம் என்றேன். இதிலே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். நம்மவர் எழுதும் நற்சாட்சிப் பத்திரம் எப்படி இருக்கும்? "இவர் நல்லொழுக்கமுடையவர், கடமையுணர்ச்சி மிக்கவர், நான் அறிந்தமட்டில் இவர்மேல் குறை எதுவும் இல்லை." கிளறிக்கல் உத்தியோகத்துக்கு இது போதும். அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் இதைப் படித்தால், இந்த ஆசிரியருக்கு இந்த மாணவனைப்பற்றிச் சொல்ல எதுவுமே இல்லை என்றுதான் விளங்கிக்கொள்ளுவார். அவர்களுக்கு வேண்டியது வேறு. ஆய்வுகூடத்தில் பரிசோதனை பிழைத்தபோது இந்த மாணவன் என்ன செய்தான், யாரும் கேட்காத எந்தக் கேள்வியைக் கேட்டான், இதற்கு முன் வந்த மாணவர்களோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறான் என்பதை எழுதவேண்டும். இது தெரிந்திருந்தும், ஒரு டிசெம்பர் மாதம் ஒரே இரவில் ஆறு கடிதங்கள் எழுதினேன். பெயரை மாற்றி மாற்றி எழுதியதில், பெண்பிள்ளை ஒருத்தியின் கடிதத்தில் பாதி வழியில் அவள் ஆண்பிள்ளையாகிவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு அவ்வருடம் எங்கும் இடம் கிடைக்கவில்லை. என் கடிதந்தான் காரணமோ அல்லவோ, நான் அறியேன். ஆனால் அவள் தன் தகுதியையே சந்தேகித்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில் என் கடிதத்தைச் சந்தேகிக்கவில்லை. இந்தக் கடிதங்கள் மாணவர் பார்வைக்கு வராதவை. இச் சபையில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொன்னேன்.

இனிப் பணம். ஒரு விண்ணப்பத்துக்கு எழுபத்தைந்து டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேலும் உண்டு, கீழும் உண்டு. எட்டு இடங்களுக்கு அனுப்பினால் 600 டொலர். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபா ஆகிவிட்டது. ஒரு லட்சத்து இருபதினாயிரமாக இருந்த செலவு இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் ஆயிற்று. பரீட்சைக் கட்டணம் வேறு, ஜீ.ஆர்.ஈ. பரீட்சைக்கு மட்டும் 200 டொலருக்கு மேல். கிடைக்குமோ கிடையாதோ என்று தெரியாத ஒன்றுக்கு, பால்மாவும் எரிவாயுவும் இல்லாத அந்த நாளில், ஒரு குடும்பம் இவ்வளவு பணத்தை எடுத்து வைத்தால், அந்தப் பணத்தோடு சேர்ந்து பிள்ளையின் தலைமேல் எவ்வளவு பாரம் ஏறும் என்பதை நீங்களே எண்ணிப்பாருங்கள். கட்டணத்தை மன்னிக்கும்படி கேட்டால் பல பல்கலைக்கழகங்கள் மன்னிக்கின்றன. ஆனால் முடிவு நாளுக்கு முன்னரே கேட்கவேண்டும். கேட்பதற்கு நம் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். வெட்கப்படவேண்டாம், தம்பிமாரே, தங்கைமாரே. அங்கே அது ஒரு சாதாரண காரியம்.

என்னுடைய கதை இதைவிடப் பழையது. 1993 ஆம் ஆண்டின் இறுதியில் நான் கொழும்பிலே ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு ஏழு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். மின்னஞ்சல் நமக்கு எட்டாத காலம். ஆகாயத் தபாலில் விண்ணப்பப் படிவம் கேட்டு எழுதவேண்டும்; கட்டணத்துக்கு வங்கியிலே டொலர்ப் பணவோலை எடுக்கவேண்டும். வலிகாமத்திலே செம்மண் தோட்டம் செய்துகொண்டிருந்த என் தகப்பனார், அம்மாவின் இரண்டு காப்புகளை அடைவு வைத்துப் பணம் அனுப்பினார். யுத்த காலம், ஊருக்குக் கடிதம் போய்ச் சேர ஒரு மாதமும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும்.

பெப்ரவரி மாதத்திலிருந்து உறைகள் வரத்தொடங்கின. தடித்த உறை வந்தால் இடம் கிடைத்தது, மெல்லிய உறை வந்தால் கிடைக்கவில்லை என்பது அக்காலத்து மாணவர் எல்லோருக்கும் தெரிந்த சகுனம். ஐந்து மெல்லிய உறைகள் வந்தன. ஓர் இடத்தில் அனுமதி உண்டு, பணம் இல்லை என்றார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அதுவும் மெல்லிய உறைதான். ஏழாவது இடத்திலிருந்து இன்றுவரை மறுமொழி இல்லை. அந்த உறைகளை ஆங்கில அகராதிக்குள் ஒளித்து வைத்தேன். அறையிலே கூட இருந்த நண்பருக்கும் சொல்லவில்லை. "முடிவு இன்னும் வரவில்லை" என்று தகப்பனாருக்கு எழுதினேன். மூன்று முறை அப்படி எழுதினேன். தபால் தாமதம் என் பொய்க்குத் துணை நின்றது. அவரோ, மகன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறான் என்று ஊரிலே சொல்லிவிட்டார். வாசிகசாலையில் பத்திரிகை பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் "மகன் எப்ப வெளிக்கிடுறார்?" என்று அவரைக் கேட்டார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

அடுத்த ஆண்டு மறுபடியும் விண்ணப்பித்தேன். முதலாண்டுக் கட்டுரையை எடுத்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. சிறு வயதிலிருந்தே விஞ்ஞானத்தில் எனக்குத் தீராத ஆசை என்று தொடங்கியிருந்தேன். உலகத்திலே அப்படி எழுதாதவர் யார்? அதைக் கிழித்துவிட்டு, எங்கள் தோட்டத்துக் கிணற்றைப்பற்றி எழுதினேன். குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி நிற்கும் மழைநீரைத்தான் குடிக்கிறோம், அதையே பயிருக்கும் இறைக்கிறோம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் உரமும், மலகூடக் குழிகளின் கசிவும் அதே நீருக்குள் இறங்குகின்றன. கிணறுகளிலே நைத்திரேற்று கூடுகின்றது. அது எவ்வழியாக, எவ்வளவு வேகத்தில் இறங்குகின்றது என்பதை அறியவேண்டும் என்று எழுதினேன். அதுவரை என் தகப்பனாரின் கிணற்றைப்பற்றி எழுதுவது படிப்புக்குரிய விஷயம் என்று நான் நினைத்ததேயில்லை. நான்கு இடங்களுக்கு அனுப்பினேன். சுண்ணாம்புக் கல் நிலம் உள்ள ஒரு மாநிலத்திலே, அதே பிரச்சினையை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு பேராசிரியர் கண்ணில் அது பட்டது. ஒரு தடித்த உறை வந்தது. முதலாண்டிலும் நான் இதே மனிதன்தான், இதே புள்ளிகள்தான்.

1995 ஆவணி மாதம் புறப்பட்டேன். போய்ச் சேர்ந்த பின், தகப்பனாருக்கு உண்மையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினேன். ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அவர் காலமானார். என் கடிதம் அவர் கைக்குக் கிடைத்ததா என்பது தெரியாது. 1997 இல் அம்மாவைக் கண்டபோது கேட்டேன். "வந்ததோ தெரியாது. வந்திருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார்" என்றார்.

அதனால்தான், ஐன்ஸ்ரைன் சரித்திரத்திலே எல்லோரும் கடந்துபோகும் ஓர் இடத்தில் நான் மட்டும் நின்றுவிடுவேன். அவர் 1900 ஆம் ஆண்டிலே சூரிச் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து வெளியேறினார். உதவியாளர் பதவியொன்று வேண்டுமென்று பேராசிரியர் பலருக்கு எழுதினார். மறுமொழித் தபாற் செலவையும் தாமே கட்டிய அஞ்சலட்டைகளைக்கூட அனுப்பினார். எங்கும் இடம் இல்லை. 1901 மார்ச் மாதத்தில் லைப்சிக் நகரத்து இரசாயனப் பேராசிரியர் ஒஸ்வால்டுக்கு எழுதினார்; ஏப்ரலில் திரும்பவும் எழுதினார். அந்த ஏப்ரல் மாதம் 13 ஆம் திகதி, மிலான் நகரிலிருந்து வேறொரு கடிதம் ஒஸ்வால்டுக்குப் போயிற்று. எழுதியவர் தகப்பன் ஹேர்மன் ஐன்ஸ்ரைன். வியாபாரத்திலே நட்டப்பட்டுப் போன மனிதர். பௌதிகம் படித்தவர் அல்லர். மகனுக்குத் தெரியாமல் எழுதினார். தன் மகன் வேலை கிடைக்காமல் மனமுடைந்து இருக்கிறான், பெற்றோருக்குப் பாரமாக இருக்கிறேன் என்று வருந்துகிறான், அவனுடைய கட்டுரையைப் படித்து இரண்டு வரி உற்சாகமாக எழுதினால் போதும் என்பது அக்கடிதத்தின் கருத்து. உத்தியோகமும் முடிந்தால் கொடுங்கள் என்று கேட்டார்தான். ஆனால் முதலிலே கேட்டது அந்த இரண்டு வரியைத்தான். மறுமொழி வந்ததாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் மகனுக்குப் பேர்ண் நகரத்துக் காப்புரிமைக் கந்தோரில் வேலை கிடைத்தது. ஒக்டோபரில் தகப்பன் இறந்தார். 1905 ஆம் ஆண்டின் கட்டுரைகளை அவர் காணவில்லை. பின்னாளிலே ஐன்ஸ்ரைனுக்கு நோபெல் பரிசு கொடுக்கவேண்டுமென்று முதன்முதலிற் பிரேரித்தவர் அதே ஒஸ்வால்ட் என்பது இந்தக் கதையின் வேடிக்கை.

நம் பிள்ளைகளெல்லாம் ஐன்ஸ்ரைன் ஆவார்கள் என்று சொல்ல வரவில்லை. ஹேர்மனுக்கும் தன் மகன் ஐன்ஸ்ரைன் என்று அப்போது தெரியாது. பிள்ளை துன்பப்படுகிறான் என்பது தெரிந்திருந்தது. அதுகூட எத்தனை வீட்டில் தெரிகிறது?

2023 ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு தாயார் எனக்குத் தொலைபேசியிலே பேசினார். அவருடைய மகன் என்னிடம் படித்தவன். 2022 கடைசியில், அந்த 360 ரூபாக் காலத்தில், எட்டு இடங்களுக்கு விண்ணப்பித்தவன். "ஐயா, தம்பி மூண்டு நாளாய் அறையை விட்டு வெளியிலை வரேல்லை. என்ன நடந்ததெண்டு சொல்லுறானுமில்லை. நீங்கள் ஒருக்கால் வந்து கதைச்சுப் பாக்கிறீங்களோ?" என்றார். போனேன். அவன் மேசைமேல் கணினி திறந்தபடியே இருந்தது. அமெரிக்காவில் யார் யாருக்கு இடம் கிடைத்தது என்று மாணவர்கள் தாங்களே பதிந்து வைக்கும் பக்கமொன்றை அவன் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஆறு இடங்கள் மறுத்துவிட்டன. இரண்டு இன்னும் பேசவில்லை. என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. என் அகராதியைப்பற்றிச் சொன்னேன். ஐந்து உறைகளையும் சொன்னேன். அவன் முதலிலே கேட்ட கேள்வி, "சேர், உங்களுக்கும் இல்லையெண்டு சொன்னவங்களோ?" என்பது. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் என்னிடம் படித்த பிள்ளை! அத்தனை காலத்தில் என் பட்டத்தை என் பெயருக்கு முன்னே பார்த்திருக்கிறானே தவிர, அது எப்படி வந்தது என்று நான் அவனுக்குச் சொன்னதில்லை. பிறகு தாயாரை அழைத்து, அவன் வாயாலேயே அவருக்குச் சொல்ல வைத்தேன். அந்த அம்மா கேட்டுவிட்டு, "இதுக்கே பிள்ளை சாப்பிடாமல் கிடந்தனி?" என்றார். மற்ற இரண்டு இடங்களும் ஏப்ரலிலே மறுத்துவிட்டன. ஆனால் அவன் சாப்பிட்டான்.

பெரியவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். "மறுமொழி வந்ததா?" என்று தினமும் கேளாதீர்கள். கோயில் வீதியிலே கண்டவுடன் "எப்ப பயணம்?" என்றும் கேளாதீர்கள். பிள்ளை என்ன எழுதி அனுப்பினான், எதைப் படிக்க விரும்புகிறான் என்று ஒருநாள் இருந்து கேளுங்கள். விளங்காவிட்டாலும் கேளுங்கள். என் தகப்பனார் நைத்திரேற்றைப்பற்றிக் கேட்டிருந்தால், அந்தக் கிணற்றைப்பற்றி என்னைவிட அதிகமாக அவரே சொல்லியிருப்பார்.

வாலிப அன்பர்களுக்குச் சில சில்லறை விஷயங்கள். பணத்தோடு இடம் தருகின்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மிகப் பல, ஏப்ரல் 15 ஆம் திகதிக்கு முன் முடிவு சொல்லும்படி மாணவரை வற்புறுத்துவதில்லை என்று தமக்குள் உடன்பட்டிருக்கின்றன. ஆகவே மார்ச் மாதத்து மௌனம் மறுப்பன்று. பலர் ஏப்ரலில் இடத்தை விட்டுக்கொடுத்த பின் வேறு சிலருக்கு அழைப்பு வருவதுண்டு. ஜீ.ஆர்.ஈ. புள்ளி ஐந்தாண்டுக்குச் செல்லும், டோபல் புள்ளி இரண்டு ஆண்டுக்குத்தான். பெறுபேற்றுப் பத்திரத்தை நேரத்தோடு எடுத்து வையுங்கள். 2024 மே மாதத்திலே தொடங்கிய கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டபோது எத்தனை பேர் அதற்காக அலைந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இடம் கிடைத்த பிறகும் கைக்கு வரும்வரை கைப்பொருள் அன்று. 2025 ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசாங்கத்தின் ஆராய்ச்சிப் பணம் வெட்டப்பட்டபோது, சில இடங்களில் கொடுத்த அனுமதியையே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவ்வாண்டு மே மாதக் கடைசியிலே மாணவர் விசாவுக்குப் புதிய நேர்முக நாள் கொடுப்பதும் சில கிழமைகள் நிறுத்தி வைக்கப்பட்டது. அதனால் ஒரு நாட்டையே நம்பி இருக்கவேண்டாம். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் முறை வேறு. விண்ணப்பத்துக்கு முன்னரே மேற்பார்வை செய்யக்கூடிய பேராசிரியரைத் தேடி எழுதவேண்டும். நம் நாட்டிலேயே முதுமாணிப் படிப்பைத் தொடங்குவதும் இழிவன்று.

நான் சொன்ன அந்தத் தம்பி இப்போது ஒரு பாடசாலையில் இரசாயனம் படிப்பிக்கிறான். நன்றாகப் படிப்பிக்கிறான் என்று கேள்வி. இந்த வருடம் மறுபடியும் விண்ணப்பிக்கிறான். எட்டு இடம் அல்ல, மூன்றே இடம். தாயாருக்கும் தெரியும், எந்த எந்த இடம் என்றும் தெரியும். சென்ற கிழமை வீட்டுக்கு வந்து, சிபார்சுக் கடிதம் ஒன்று வேண்டும் என்றான். டிசெம்பர் 15 ஆம் திகதி முடிவு நாள். பாதி எழுதியிருக்கிறேன். ஆய்வுகூடத்தில் ஒருமுறை அவன் செய்த பரிசோதனை மூன்று முறை பிழைத்து, நான்காம் முறை வடிநீர்ப் போத்தலில்தான் குற்றம் இருந்ததென்று அவனே கண்டுபிடித்ததை எழுதவேண்டும். அது எந்த வருடம் என்று என் குறிப்புப் புத்தகத்தைத் தேடிப் பார்க்கவேண்டியிருக்கிறது. ஆகையால் நீண்ட நேரம் தங்கமுடியாமைக்கு மன்னிக்கவேண்டும்.